கார் கண்ணாடிய எவ்வளவு தொடச்சும் ராத்திரில எதிர் லைட்டுக்கு வெள்ளையா மங்குது, கோடும் விழுது, என்ன பண்ணலாம்?

தலவாக்கலை_வேகன்ஆர்:
எல்லாருக்கும் வணக்கம். நம்மகிட்ட இருக்கிறது வேகன் ஆர், ஜப்பான்ல ஓடிட்டு வந்த வண்டி. வேலை ஹட்டன்ல, திரும்பி வர்றப்ப ஏழு ஏழரை ஆயிரும். பகல்ல பாத்தா கண்ணாடில குறை சொல்ல ஒன்னுமில்ல. ராத்திரில டெவன் பக்கத்து வளைவுல எதிர்ல ஒரு பஸ் வந்துச்சுன்னா முன் கண்ணாடி முழுக்க வெள்ளையா பூத்துக்கிது, ரோட்டு ஓரம் எது, நடந்து வர்ற ஆளு எதுன்னு கொஞ்ச நேரம் ஒன்னுமே தெரியல, பஸ் தாண்டுனதும் சரியாயிருது. ஷம்பூ போட்டு கழுவி துண்டால தொடச்சிட்டுத்தான் இருக்கேன், க்ளாஸ் க்ளீனரும் வாங்கி அடிச்சாச்சு, தொடச்ச பெறகு வெயில்ல பாத்தா வட்டம் வட்டமா கோடு. கண்ணாடியவே மாத்தணுமா? மழைக்காலம் வரப்போகுது அதனாலதான் கேக்குறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லிந்துலை_ராஜா:
பழைய பேப்பர் எடுத்து தண்ணில நனைச்சு தொடைங்க அண்ணே. எங்க அப்பா காலத்துல இருந்து வீரகேசரிதான், வேற ஒன்னும் வேணாம்.

நானுஓயா_டொல்பின்:
தம்பி, கண்ணாடிய மாத்த அவசரப்படாதீங்க. மொதல்ல அழுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமான்னு பாருங்க. ராத்திரி வண்டிய நிப்பாட்டிட்டு ஒரு டார்ச்ச வெளியில இருந்து சாய்வா அடிச்சு உள்ள உக்காந்து பாருங்க, உள்பக்கம் ஒரு வெரல மட்டும் இழுங்க. வெரல் போன எடம் கறுப்பா தெளிவா தெரிஞ்சு மத்த எடம் சாம்பலா இருந்தா பிரச்சனை உள்பக்கம். நான் சுற்றுலா ஆக்கள ஏத்துறவன், கொழும்புல இருந்து நுவரெலியா வரைக்கும் ராத்திரி ஓட்டம் நெறைய, நான் பாத்த வண்டில முக்காவாசிக்கு உள்பக்கம்தான் மோசம், ஆனா எல்லாரும் வெளிப்பக்கத்தத்தான் தேய்ச்சு தேய்ச்சு தொடைக்கிறாங்க.

அது என்ன அழுக்குன்னா, டெஷ்போட், கதவு ரெக்சின் இதெல்லாம் வளைஞ்சு குடுக்கிறதுக்காக பிளாஸ்டிக்ல பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெப் பொருள் கலந்திருப்பாங்க. வண்டி வெயில்ல ஷட்டர், அதான் கதவுக் கண்ணாடி, மூடி நின்னா அது ஆவியா கெளம்பி வந்து கண்ணாடில படியும். புது வண்டில இன்னும் கூட. அதோட நம்ம மூச்சு, கை எண்ணெ, சிகரட் பொகை, டெஷ்போட் மினுங்குறதுக்கு அடிக்கிற சிலிக்கோன் பொலிஷ் எல்லாம் சேந்து மெல்லிசா ஒரு படலம் ஆயிரும். பகல்ல தெரியாது. எதிர்ல லைட் வர்றப்ப அந்தப் படலம் வெளிச்சத்த நாலாப் பக்கமும் செதற விட்டுரும், அதுதான் நீங்க சொல்ற வெள்ளை. எண்ணெப் படலத்த வெறும் தண்ணி எடுக்காது, துண்டு இங்க இருக்கிறத அங்க இழுத்து விடும், அதான் வட்டம் வட்டமா கோடு.

கொட்டகலை_டீச்சர்:
டொல்பின் அண்ணே சொல்றது சரிதான். என் ஆல்டோவுக்கு துணியில ஒரு விஷயம் கவனிச்சேன், அதையும் சேத்து சொல்றேன். மைக்ரோபைபர் துணி வாங்கினா அத வீட்டுத் துணியோட சேத்து தொவைக்கக் கூடாது, கடைசித் தண்ணில வாசனைக்கும் மெதுமெதுப்புக்கும் ஊத்துற லிக்விட் கண்டிப்பா கூடாது. அந்த லிக்விட் துணியில ஒரு மெழுகு மாதிரி தங்கிரும், பெறகு எந்த கண்ணாடிய தொடச்சாலும் அத அப்படியே பூசும். கொஞ்சமா சவர்க்காரத் தூள் போட்டு தனியா தொவைச்சு நல்லா அலசி நெழல்ல காய வைங்க. பருத்தித் துணியோட போட்டா பஞ்சு ஒட்டிக்கும், அதுவும் கண்ணாடிக்கு வந்துரும்.

தலவாக்கலை_வேகன்ஆர்:
டொல்பின் அண்ணே, டார்ச் அடிச்சு பாத்தேன். வெரல் இழுத்த எடம் தனியா கோடா தெரியுது, மத்த எடம் முழுக்க பொகை படிஞ்ச மாதிரி. அப்ப உள்பக்கம்தான். எதப் போட்டு எடுக்கிறது? எப்படி தொடைக்கிறது? கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

பதுளை_பைபாஸ்:
எங்க பக்கம் பழைய டிரைவர்மார் வெறுந்தேயிலைச் சாயத்த ஆற வச்சு வடிச்சு அதுல தொடைப்பாங்க. கைரேகையெல்லாம் போகுது. மழைல வைப்பர் வேலை செய்யலன்னா உருளக்கெழங்க பாதியா வெட்டி வெளிக் கண்ணாடில தேய்ப்பாங்க, தண்ணி முத்து முத்தா நிக்காம வழிஞ்சு ஓடும்.

நானுஓயா_டொல்பின்:
பதுளை தம்பி, உருளக்கெழங்கு நானும் பாத்திருக்கேன், நடுவழில வைப்பர் நின்னு போச்சுன்னா ஊரு போய் சேர உதவும், அவ்வளவுதான். அது மாவுப் படலத்த பூசுற வேலை, எண்ணெய எடுக்கிற வேலை இல்ல. சாயமும் அப்படித்தான், மேலோட்டமா கைரேகை போகும், காஞ்சா அதோட சாயமே கண்ணாடில நிக்கும். நம்ம தேடுறது எதையும் பூசாம, இருக்கிறத எடுத்துட்டு தானும் ஆவியா போயிர்ற ஒரு சாமான்.

வேகன்ஆர் தம்பி, நான் பண்றத சொல்றேன். பாமசில ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் கேளுங்க. அதுல பாதி, பெட்டரிக்கு ஊத்துற டிஸ்டில் வோட்டர் பாதி, ஒரு ஸ்ப்ரே போத்தல்ல. சேர்ஜிகல் ஸ்பிரிட் குடுத்தா லேபல வாசிச்சுட்டு வாங்குங்க, சிலதுல தோலுக்காக வெளக்கெண்ணெ சேத்திருப்பாங்க, அது கண்ணாடிக்கு ஆகவே ஆகாது. டிஸ்டில் வோட்டர் எதுக்குன்னா அதுல உப்பு, சுண்ணாம்பு ஒன்னும் இல்ல, காஞ்சா தடம் விடாது. கதவெல்லாம் தெறந்து வச்சிட்டு பண்ணுங்க, சிகரட்டு நெருப்பு கிட்ட இருக்கக் கூடாது, அது பத்திக்கிற சாமான்.

நெழல்லதான் பண்ணணும், கண்ணாடி தொட்டா குளிர்ச்சியா இருக்கணும். சூடான கண்ணாடில அடிச்சா தொடைக்க முன்னாடியே காஞ்சு கோடு விழும், நெறைய பேருக்கு கோடு விழுறதுக்கு காரணமே இதுதான். ரெண்டு துணி வேணும். ஒன்னுல மருந்து, ஒன்னு சுத்தமா காஞ்சது. கண்ணாடில நேரா அடிக்காதீங்க, டெஷ்போட்டுக்கு வழியும், துணியில அடிங்க, ஈரம் தெரிஞ்சா போதும், சொட்டக் கூடாது. முன் கண்ணாடில பாதிய தொடச்சு முடிச்சு ஒடனே காஞ்ச துணியால அதே பாதிய துடைச்சு எடுங்க, பெறகு அடுத்த பாதி. துணிய நாலா மடிச்சா ஒரு துணில எட்டு பக்கம் கெடைக்கும், ஒரு பக்கம் அழுக்கானா திருப்புங்க. மொத தடவை துணி மஞ்சளா சாம்பலா வரும், அழுக்கு வர்றது நிக்கிற வரைக்கும் திரும்பப் பண்ணணும், ஒரே தடவைல முடியாது.

இன்னொன்னு, உள்பக்கத்த எடது வலமா தொடைங்க, வெளிப்பக்கத்த மேல கீழ தொடைங்க. பெறகு கோடு தெரிஞ்சா அது படுத்திருக்கா நிக்குதான்னு பாத்தாலே எந்தப் பக்கம்னு தெரிஞ்சிரும், உள்ள வெளிய ஏறி எறங்க வேண்டியதில்ல. கதவுக் கண்ணாடிக்கு ஷட்டர கொஞ்சம் எறக்கிட்டு மேல் ஓரத்த மொதல்ல தொடைங்க, அந்த ரப்பருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற எடத்த எல்லாரும் விட்டுருவாங்க.

கம்பளை_டின்ட்கடை:
நான் டின்ட் ஒட்டுற வேலை பாக்குறவன், ஒரு வார்த்தை. கதவுக் கண்ணாடில டின்ட் இருந்தா அமோனியா கலந்த க்ளீனர உள்பக்கம் அடிக்காதீங்க, சாயம் போட்ட டின்ட் நாளாக நாளாக ஊதா நெறமா மாறி குமிழ் விடும். வீட்டு ஜன்னலுக்கு விக்கிற க்ளீனர்ல சிலதுல அமோனியா இருக்கு, மூக்க எரிக்கிற மாதிரி வாசம் வந்தா வச்சிருங்க. அல்கஹோல் கலவையும் டின்ட் மேல ஊற விடாதீங்க, லேசா தொடச்சு ஒடனே காய விடுங்க. புதுசா ஒட்டின டின்ட்டுன்னா காயிற வரைக்கும் தொடவே கூடாது. பின் கண்ணாடில உள்பக்கம் செம்பு நெறத்துல கோடு கோடா ஓடுதே, அது பனி போக்குற சூட்டுக் கம்பி, கண்ணாடி மேல அச்சடிச்சது. அது ஓடுற பக்கமாவே தொடைங்க, குறுக்க அழுத்தித் தேய்ச்சாலோ பிளேட்டு போட்டு சொரண்டினாலோ அறுந்துரும், ஒரு கோடு அறுந்தா அந்த வரிசையே சூடாகாது. மோதிரம் போட்டிருந்தா கழட்டிட்டு தொடைங்க.

கிளி_பிக்கப்:
அண்ணையவை, நான் கிளிநொச்சி, மாசத்துக்கு ஒருக்கா மரக்கறி ஏத்த நுவரெலியாக்கு வாறனான். என்ர கண்ணாடியில வெள்ளை வெள்ளையா புள்ளி. எத்தினை தரம் துடைச்சும் போகுதில்லை. ஸ்பிரிட்டும் போட்டுப் பாத்தனான், அசையுதில்லை. இதுவும் நீங்கள் சொல்லுற எண்ணெய்தானோ?

நானுஓயா_டொல்பின்:
இல்ல தம்பி, அது வேற. அது சுண்ணாம்பு. உங்க பக்கம் கெணத்துத் தண்ணி கடினத் தண்ணி, கண்ணாடில தெளிச்சு வெயில்ல காய விட்டா தண்ணி போயி சுண்ணாம்பு மட்டும் தங்கும். எங்க மலைப் பக்கம் ஊத்துத் தண்ணில அது கொறைவு. ஸ்பிரிட்டுக்கு சுண்ணாம்பு கரையாது, அதுக்கு புளிப்பு வேணும். வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து துணிய நனைச்சு புள்ளி மேல கொஞ்ச நேரம் போட்டு வச்சு பெறகு தொடைங்க, முடிஞ்சதும் நல்ல தண்ணில கழுவி காய விடாம ஒடனே துடைச்சிருங்க. தென்னை வினாகிரி வேணாம், அதுல நெறமும் மண்டியும் இருக்கும். பெயின்ட் மேல வழிய விடாதீங்க. ரொம்ப நாள் ஊறிப்போன புள்ளி கண்ணாடியவே அரிச்சிருக்கும், அப்படின்னா கண்ணாடிக்குன்னு விக்கிற சீரியம் பொலிஷ்தான் வழி.

கிளி_பிக்கப்:
மிச்சம் நன்றி அண்ணை. இங்கத்தைய தண்ணியால கழுவினாப் பிறகு காயவிடாமல் துடைக்க வேணும் எண்டது இப்பதான் விளங்குது.

ஹப்புத்தளை_காத்து:
ஒரு கேள்வி, எல்லாரும் அழுக்க பத்தி பேசுறீங்க, எனக்கு பெரிய தொல்லை பனி. கிதுல்கல தாண்டி கினிகத்தேனை ஏறுறப்ப மழை அடிச்சா உள்ள நாலு பேரு இருந்தா கண்ணாடி முழுக்க ஆவி. கையால தொடைச்சு தொடைச்சு ஓட்ட வேண்டியிருக்கு. பாத்திரம் கழுவுற லிக்விட்ட லேசா பூசி தொடச்சா ஆவி வராதுன்னு சொல்றாங்க, உண்மையா?

கொட்டகலை_டீச்சர்:
கையால தொடைக்காதீங்க, அந்தக் கை எண்ணெதான் மறுபடி ராத்திரில மங்கல். லிக்விட் பூசினா கொஞ்ச நேரம் ஆவி பிடிக்காது, நீர்த்துளி துளியா நிக்காம பரவிரும், ஆனா கொஞ்சம் கூடினாலும் கோடு தெரியும்.

மஸ்கெலியா_ஆட்டோ:
கேக்குறவங்களுக்கு ஏசி இருந்தா ஏசி போடுங்கன்னு சொல்றாங்க, மலைல குளிர்ல ஏசியா? பெட்ரோல்தான் செலவு. ஷட்டர கொஞ்சம் எறக்கி வச்சா போதாதா?

நானுஓயா_டொல்பின்:
மஸ்கெலியா தம்பி, மழை இல்லாதப்ப ஷட்டர் எறக்கினா போதும், நானும் அதத்தான் பண்றேன். ஆனா கினிகத்தேனை மழைல ஷட்டர் எறக்க முடியுமா, உள்ள இருக்கிற புள்ளைங்க நனையும். ஏசிய குளிருக்காக போடச் சொல்லல. ஏசி உள்ள இருக்கிற காத்துல இருந்து ஈரத்த உறிஞ்சி தண்ணியா கீழ எறக்கிரும், வண்டிக்கு அடில சொட்டுதே அதுதான். அதனால ஏசியும் போட்டு சூட்டுப் பக்கமும் திருப்பி காத்த முன் கண்ணாடிக்கு விடுங்க, காஞ்ச சூட்டுக் காத்து ஆவிய எடுத்துரும், உள்ள குளிரவும் குளிராது. வண்டிக்குள்ள காத்து சுத்துற பட்டன அணைச்சு வைங்க, வெளிக் காத்து வரட்டும், இல்லாட்டி நாலு பேரு விடுற மூச்சுதான் திரும்பத் திரும்ப சுத்தும். காத்து வேகமே வரலன்னா ஏசி பில்டர கழட்டி பாருங்க, தூசியும் எலையும் அடைச்சுக் கெடக்கும், அப்ப என்ன பட்டன அமுக்கினாலும் பிரயோசனமில்ல.

சில நேரம் ஆவி வெளிப்பக்கமா பிடிக்கும், அவிசாவளை புழுக்கத்துல ஏசிய ரொம்ப குளிரா கண்ணாடிக்கு விட்டீங்கன்னா வெளியில இருக்கிற ஈரம் கண்ணாடில ஒட்டும். அப்ப உள்ள எவ்வளவு தொடச்சும் போகாது. வைப்பர ஒரு தடவை போட்டு காத்த கால் பக்கம் திருப்புங்க.

சுத்தமான கண்ணாடிலயும் ஆவி வரும். ஆனா எண்ணெப் படலம் இருந்தா ஆவி குட்டிக் குட்டித் துளியா நின்னு வெளிச்சத்த செதற அடிக்கும், சுத்தமான கண்ணாடில பரவி தெளிவா இருக்கும், சீக்கிரம் போயிரும். அதனால ஹப்புத்தளை தம்பியும் மொதல்ல உள்பக்கத்த எடுங்க, பாதி தொல்லை கொறையும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து நம்ம மேற்குச் சரிவுலதான் கொட்டும், அதுக்கு முன்னாடியே பண்ணிருங்க.

பண்டாரவளை_சின்னு:
எனக்கு ஒரு சந்தேகம். ஸ்பிரிட் போட்டு நல்லா சுத்தம் பண்ணினேன், ரெண்டு மூனு நாள்ல திரும்ப அதே மங்கல், தொட்டா ஒட்டுற மாதிரி, வண்டிக்குள்ள இனிப்பா ஒரு வாசம். டெஷ்போட் பொலிஷ் எதுவும் போடல.

நானுஓயா_டொல்பின்:
சின்னு, இத சாதாரணமா எடுக்காதீங்க. ஒட்டுற படலமும் இனிப்பு வாசமும் சேந்து வந்தா ஹீட்டர்ல கூலன்ட், அதான் எஞ்சின குளிர வைக்கிற தண்ணி, கசியுதான்னு பாக்கணும். டெஷ்போட்டுக்குள்ள குட்டியா ஒரு ரேடியேட்டர் இருக்கு, ஹீட்டர் கோர்னு சொல்வாங்க, அது வழியா எஞ்சின் சூட்டுத் தண்ணி ஓடுது. அது கசிஞ்சா ஆவி காத்தோட கண்ணாடிக்கு வந்துரும். முன்னால கால் வைக்கிற கார்ப்பெட்ட தூக்கி ஈரமான்னு பாருங்க. எஞ்சின் நல்லா குளிர்ந்த பெறகு கூலன்ட் அளவு கொறைஞ்சிருக்கான்னும் பாருங்க, சூட்டோட மூடியத் தெறக்காதீங்க. கொறைஞ்சிருந்தா எஞ்சின் சூடாகி நடு ஏத்தத்துல நிக்கும். கூலன்ட்ல இருக்கிற கிளைக்கோல் விஷம், அந்தக் காத்த சுவாசிச்சுட்டே ஓட்டாதீங்க. இது துணியால தீர்ற வேலை இல்ல, கராஜுக்கு போங்க.

பண்டாரவளை_சின்னு:
கார்ப்பெட் ஈரம்தான் அண்ணே. கூலன்ட்டும் கீழ் கோட்டுக்கு கீழ போயிருக்கு. நாளைக்கே கராஜ்ல காட்டுறேன். கண்ணாடிய தொடைக்க கேக்க வந்து இது தெரிஞ்சது பெரிய விஷயம்.

தலவாக்கலை_வேகன்ஆர்:
உள்பக்கம் சொன்ன மாதிரியே பண்ணினேன், துணி காவி நெறத்துல வந்துச்சு. ராத்திரி ஓட்டம் எவ்வளவோ மாறிருச்சு, வெள்ளை பூக்கிறது நின்னுருச்சு. ஆனா மழை தூறுறப்ப வைப்பர் போட்டா வில்லு மாதிரி ஒரு தடம் என் கண்ணுக்கு நேரா நிக்குது, அடுத்த சொட்டு வர வரைக்கும் ரோடு தெளிவா தெரியல.

கம்பளை_டின்ட்கடை:
அது வெளிப்பக்க எண்ணெ. நம்ம ரோட்டுல ஏத்தத்துல பஸ்ஸும் லொறியும் விடுற டீசல் கரி, ரோட்டுல கசிஞ்ச ஓயில், மழையோட தெறிச்சு வந்து ஒட்டிக்கும், சேர்விஸ் பண்றப்ப பாடிக்கு போடுற வேக்ஸும் கண்ணாடிக்கு வரும். வைப்பர் அத பூசிக்கிட்டே போகும். மொதல்ல வைப்பர் ரப்பர் ஓரத்த ஸ்பிரிட் துணியால கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் துடைங்க, ரப்பர்ல வெடிப்போ பிசிரோ இருந்தா மாத்திருங்க, காசு பாக்காதீங்க. பெறகு கண்ணாடிய கழுவிட்டு தண்ணி ஊத்திப் பாருங்க. தண்ணி ஒரே விரிப்பா வழிஞ்சா சுத்தம், திட்டுத் திட்டா பிரிஞ்சு நின்னா எண்ணெ இருக்கு. கண்ணாடிக்குன்னு உள்ள பொலிஷ் கொஞ்சமா எடுத்து ஈரப் பஞ்சுல தண்ணி விரியிற வரைக்கும் தேய்ங்க. அதோட வைப்பர் போத்தல்ல ஷம்பூ ஊத்தியிருந்தா காலி பண்ணிருங்க, வேக்ஸ் சேத்த ஷம்பூன்னா நீங்க சுத்தம் பண்ண பண்ண அது பூசிக்கிட்டு இருக்கும்.

லிந்துலை_ராஜா:
அப்ப பேப்பர் கூடாதா?

கம்பளை_டின்ட்கடை:
வெளிக் கண்ணாடில கடைசித் தொடப்புக்கு பேப்பர் தப்பில்ல தம்பி, பஞ்சு விடாது. ஆனா மை கைக்கும் வெள்ளை ரப்பர் ஓரத்துக்கும் ஏறும், டின்ட் மேல வேணாம்.

நானுஓயா_டொல்பின்:
ஜனவரி பெப்ரவரில நுவரெலியால தங்குறவங்களுக்கு ஒன்னு. காலைல துகள் பனி கட்டி நின்னா சுடுதண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி வெடிக்கும். வைப்பரையும் அப்படியே போடாதீங்க, ரப்பர் கிழியும். வண்டிய ஸ்டார்ட் பண்ணி சூட்டுக் காத்த விட்டு கொஞ்சம் பொறுங்க, அவசரம்னா பழைய பிளாஸ்டிக் கார்டால வெளிப்பக்கம் வழிச்சு எடுங்க.

மஸ்கெலியா_ஆட்டோ:
அண்ணே, ஆட்டோவுக்கு பக்கத்துல மழைக்கு போடுற பிளாஸ்டிக் திரை இருக்கே, அதுக்கும் ஸ்பிரிட் போடலாமா?

நானுஓயா_டொல்பின்:
வேணாம். வளையிற பிளாஸ்டிக்ல ஸ்பிரிட் பட்டா நாள்போக்குல மங்கி மொறமொறன்னு ஆயிரும், ஹெல்மெட் கண்ணாடிக்கும் அதே கதைதான். ரெண்டுக்கும் லேசான சவர்க்காரத் தண்ணி, நெறைய தண்ணி விட்டு மண்ணு போக கழுவிட்டு மெதுவான துணியால ஒத்தி எடுங்க, காஞ்சு கெடக்கிற தூசியோட தேய்ச்சா கீறல் விழும். முன் கண்ணாடி மட்டும் கண்ணாடிதான், அதுக்கு மேல சொன்னதெல்லாம் பண்ணலாம்.